எலும்பில் எஞ்சும் கருக்காலம்: தொன்மாந்தர் மண்டையோட்டிலும் முதுகெலும்பிலும் வளர்ச்சிப் பிறழ்வுகள்

ஆய்வுச்சுருக்கம்

தொல்லியல் அகழ்வுகளில் கிடைக்கும் மனித எலும்புகளில் நோயும் காயமும் விட்டுச் சென்ற தடங்களோடு, கருவளர்ச்சியின்போதே நேர்ந்த பிறழ்வுகளும் பதிந்துள்ளன. மண்டையோட்டிலும் முதுகெலும்பிலும் அமையும் இப்பிறழ்வுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் மூவகை முடிவுகளுக்கு வருகின்றனர்: பிறழ்வு தோன்றிய காலம், அதற்குரியவர் வாழ்ந்த முறை, அவரைச் சூழ்ந்திருந்தோர் கொண்ட மனப்பாங்கு. இம்மூன்றும் ஒரே அளவு உறுதி உடையன அல்ல என்பதை அதாபுவெர்க்கா, எல் சிட்ரோன், விண்டோவர், மான் பாக், லெஸ்டர் ஆகிய இடங்களின் சான்றுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொல்நோயியல், கருவளர்ச்சி, மண்டையோட்டுத் தையல், முள்ளெலும்பு, பேணல், கூன்.

முன்னுரை

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் அதாபுவெர்க்கா மலைக்குகை ஒன்றின் ஆழத்தில் 'எலும்புக் குழி' என்னும் பொருள்படும் சிமா டி லாஸ் உவேசோஸ் அமைந்துள்ளது. நியாண்டர்தால் மாந்தருக்கு முற்பட்ட கிளையினர் இருபத்தெட்டுப் பேருக்குக் குறையாதோரின் எலும்புகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. அவற்றுள் பதினான்காம் எண்ணுடைய மண்டையோடு ஒரு குழந்தையுடையது. அதன் பின்பக்கம் ஒருபுறம் ஒடுங்கி மறுபுறம் புடைத்துள்ளது. பிடரி எலும்புக்கும் இடப்பக்க உச்சி எலும்புக்கும் இடையிலுள்ள தையல், பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டதே இதற்குக் காரணம் என அனா கிராசியா தலைமையிலான குழுவினர் 2009இல் அறிவித்தனர். அவ்வறிவிப்பு மண்டையோட்டின் காலத்தை ஏறத்தாழ 5,30,000 ஆண்டுகள் எனக் குறித்தது. பின்னர் மேற்கொள்ளப்பட்ட காலக்கணிப்பு அதனை 4,30,000 ஆண்டுகள் அளவிற்குக் குறைத்தது.

கோணலான தலையுடன் பிறந்த அக்குழந்தை ஐந்து வயதையேனும் கடந்து வாழ்ந்துள்ளது. இதனைக் கொண்டு அக்காலத்து மாந்தர் குறையுடைய குழந்தையைக் கைவிடவில்லை என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. செய்தி ஏடுகள் அதனைப் 'பரிவின் தொடக்கம்' எனவே கொண்டாடின. ஒரு தையல் மூடியமை எலும்பில் காணத்தக்க உண்மை. குழந்தை ஐந்து வயதுவரை வாழ்ந்தமை, பல்லும் எலும்பும் வளர்ந்த நிலையிலிருந்து பெறப்படும் உறுதியான கணிப்பு. பரிவு என்பதோ இவ்விரண்டிலும் வேறான வகையைச் சார்ந்தது. அதனை எலும்பிலிருந்து பெற இயலுமா என்பதே தொல்நோயியலில் கடந்த அரை நூற்றாண்டாக நிகழும் விவாதங்களுள் முதன்மையானது.

பிறழ்வு தோன்றும் காலம்

வளர்ச்சிப் பிறழ்வுகளைப் பிற நோய்த்தடங்களிலிருந்து வேறுபடுத்துவது அவற்றின் காலத்தன்மை. காசநோய் எந்த அகவையிலும் முதுகெலும்பைத் தாக்கலாம். எலும்புமுறிவு எந்நாளிலும் நேரலாம். கருவளர்ச்சிப் பிறழ்வோ ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டுமே தோன்றக்கூடியது. கருவில் மூன்றாம், நான்காம் வாரங்களில் முதுகுப்புறத்துப் படலம் மடிந்து நரம்புக் குழலாக மூடுகிறது. ஏறத்தாழ இருபத்தெட்டாம் நாளுக்குள் அக்குழலின் இரு முனைகளும் அடைபட்டுவிட வேண்டும். கீழ்முனை மூடாது நின்றால், அதன்மேல் வளைந்து கூட வேண்டிய முள்ளெலும்பு வளைவுகளும் கூடாமல் இருபுறமும் விரிந்து நிற்கும். தாய் தான் கருவுற்றதை அறியும் முன்பே நிகழ்ந்து முடிந்துவிடக்கூடிய இந்நிகழ்ச்சி, பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தும் எலும்பில் படிக்கத்தக்கதாக நிற்கிறது.

நரம்புக் குழலின் இருமருங்கிலும் இணையிணையாகத் தோன்றும் உடற்கண்டங்களிலிருந்தே முள்ளெலும்புகள் உருவாகின்றன. ஒரு கண்டம் ஒரு முள்ளெலும்பாவதில்லை. மேற்கண்டத்தின் கீழ்ப்பாதியும் கீழ்க்கண்டத்தின் மேற்பாதியும் சேர்ந்தே ஒரு முள்ளெலும்பு அமைகிறது. இப்பிரிவும் சேர்க்கையும் தவறும்போது அடுத்தடுத்த முள்ளெலும்புகள் பிரியாமல் ஒரே கட்டியாக நின்றுவிடுகின்றன. ஒருபுறத்துப் பாதி மட்டும் உருவானால் ஆப்பு வடிவில் அரை முள்ளெலும்பு தோன்றி முதுகெலும்பைப் பக்கவாட்டில் வளைக்கிறது. வேறொரு வகைப் பிறழ்வில் உறுப்பு சிதைவதில்லை. எல்லை மட்டுமே இடம்மாறுகிறது. கழுத்தின் ஏழாம் முள்ளெலும்பு மார்பு முள்ளெலும்பைப் போன்று விலா எலும்பைத் தாங்கும். இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்பு அதன் கீழுள்ள திருவெலும்போடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தின் முதல் முள்ளெலும்பு பிடரி எலும்போடு இணைந்துவிடும். எத்னி பார்ன்ஸ் 1994இல் வெளியிட்ட நூல் இவற்றைத் தனித்தனிக் குறைகளாக அடுக்காமல், கருவின் எப்பகுதியில் எக்கட்டத்தில் பிழை நேர்ந்தது என்பதை அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்தியது. அதன்பின் அகழ்வாய்வு அறிக்கைகளில் இப்பிறழ்வுகளைக் குறிக்கும் முறையே மாறிற்று.

மண்டையோட்டில் இயங்குவது வேறொரு நெறி. குழந்தையின் மண்டையோட்டுத் தகடுகள் தையல்களின் வழியே தளர்வாக இணைந்துள்ளன. வளரும் மூளை அவற்றை வெளிநோக்கித் தள்ளத் தள்ளத் தையல் விளிம்புகளில் புதிய எலும்பு சேர்கிறது. ஒரு தையல் முந்தி மூடினால் அதற்குச் செங்குத்தான திசையில் வளர்ச்சி தடைபடும். மூளைக்குத் தேவையான இடத்தைப் பிற தையல்கள் ஈடுசெய்யும். ருடால்ஃப் விர்ஹோ 1851இல் கூறிய இவ்விதி பிற்காலத்தில் திருத்தங்களைப் பெற்றபோதிலும் அடிப்படையில் இன்றும் பயன்படுகிறது. உச்சியில் முன்பின்னாக ஓடும் தையல் மூடினால் தலை தோணி போன்று நீளும். பின்தையல் ஒருபுறம் மட்டும் மூடினால் தலை கோணும். முகமும் உடன் கோணக்கூடும். அதாபுவெர்க்காக் குழந்தையிடம் காணப்படுவது இந்நிலையே.

பிறழ்வும் அதன் போலிகளும்

இத்தகைய வடிவங்கள் அனைத்தும் கருவில் தோன்றியவை எனக் கொள்வது பெரும்பிழைக்கு இடமாகும். தலையைத் துணியாலோ பலகையாலோ கட்டி வடிவமைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்துள்ளது. அவ்வாறு தட்டையான மண்டையோட்டில் பெரும்பாலும் தையல்கள் திறந்தே இருக்கும்; கட்டின் அழுத்தம் பட்ட தடமும் தெரியும். மண்ணின் பாரத்தால் புதைவுக்குப்பின் நெளிந்த மண்டையோட்டில் உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தா. முதியவரின் மண்டையோட்டில் தையல் மறைந்திருப்பது இயல்பு. ஆகவே தையல் மூடியது என்பது மட்டும் சான்றாகாது. மூடியதன் விளைவாக வடிவம் மாறியிருத்தல் வேண்டும். உரியவர் இளையவராயின் சான்று மேலும் வலுப்பெறும்.

இணைந்த முள்ளெலும்புகளிலும் இதே எச்சரிக்கை தேவை. கருவிலேயே பிரியாது நின்றவை இணைவிடத்தில் இடைபோல் ஒடுங்கிக் காணப்படும். பின்புற வளைவுகளும் பல வேளைகளில் சேர்ந்திருக்கும். முதுமையில் ஏற்படும் இணைவில் முள்ளெலும்புகளின் உடல்கள் தம் அளவில் குறையாமல் இருக்க, முன்புறமாக உருகிய மெழுகு வழிந்தாற்போலப் புது எலும்பு பாலமிட்டிருக்கும். காசநோயில் முள்ளெலும்பின் உடல் அரிக்கப்பட்டுச் சரிந்து கூர்ங்கோணமாக மடியும்.

மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவது திருவெலும்பின் பிளவு. அதன் பின்வளைவுகளுள் ஒன்றிரண்டு கூடாமல் நிற்பது இன்றைய மக்களிடமும் பரவலாக உள்ளது. பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். தசையும் தோலும் மூடிய இம்மறைபிளவையும், தண்டுவடம் வெளிப்பட்டுக் கால்கள் செயலிழக்கும் திறந்த பிளவையும் 'பிளவுற்ற முதுகெலும்பு' என்னும் ஒரே பெயரால் சுட்டிய பழைய அறிக்கைகள் பலவற்றை மீளாய்வுக்கு உட்படுத்த வேண்டியுள்ளது. கால்வாய் அகன்று, வளைவின் முனைகள் வெளிப்புறம் விரிந்திருந்தால் மட்டுமே திறந்த பிளவு எனக் கருத இடமுண்டு.

பிறழ்வும் உறவு வட்டமும்

தனியொருவரிடம் காணப்படும் சிறு பிறழ்வு பெரும்பாலும் எதனையும் நிறுவுவதில்லை. ஒரே குழுவினரிடம் பல பிறழ்வுகள் சேர்ந்து வரும்போது கதை மாறுகிறது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலுள்ள எல் சிட்ரோன் குகையில் ஏறத்தாழ 49,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பதின்மூன்று நியாண்டர்தால் மாந்தரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் குறைந்தது நால்வரிடம் பதினேழு பிறவிப் பிறழ்வுகளை லூயிஸ் ரியோஸ் குழுவினர் 2019இல் இனங்கண்டனர். முதற் கழுத்து முள்ளெலும்பின் வளைவு கூடாதிருத்தல் அவற்றுள் ஒன்று. இவை பெரும்பாலும் உரியவருக்குத் துன்பம் தராத சிறு மாற்றங்கள். ஆயினும் சிறு குழுவிற்குள்ளேயே மணவுறவு தொடர்ந்தமைக்கு இவை தடயமாகலாம் என்பது அவர்கள் கருத்து. அதே குகை மாந்தரின் மரபணு ஆய்வு தாய்வழி மரபில் பன்மை குறைவாக இருந்ததை முன்னரே காட்டியிருந்தமையால், எலும்பும் மரபணுவும் ஒரே திசையைச் சுட்டுகின்றன எனலாம்.

எரிக் ட்ரிங்காஸ் 2018இல் வெளியிட்ட கட்டுரை இதனை அகன்ற பரப்பில் எழுப்பியது. பிளைஸ்டோசின் காலத்து மாந்தர் அறுபத்தாறு பேரிடம் எழுபத்தைந்து பிறழ்வுகளை அவர் தொகுத்தார். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, இன்றைய மக்களிடம் நூற்றுக்கு ஒருவரிடமும் காணப்படாத அரிய வகையின. நமக்குக் கிடைத்துள்ள அக்கால எலும்புகளோ மிகச் சில. இத்தனை அரியவை அத்தனை சிறிய தொகுப்பில் தற்செயலாக வந்து சேர்வது கடினம். நெருங்கிய உறவுக்குள் மணத்தல் ஒரு விளக்கம். மற்றொன்றும் எண்ணத்தக்கது: உடலால் வேறுபட்டோரே சிறப்பாக அடக்கம் செய்யப்பட்டனர் எனின், அவர்தம் எலும்புகளே மிகுதியாக எஞ்சியிருக்கும். அவ்வாறாயின் காணப்படும் மிகுதி அம்மக்களின் உடலைக் காட்டாது, அவர்களின் ஈமச்சடங்கையே காட்டும். இவ்விரு விளக்கங்களுள் ஒன்றை எலும்பை மட்டும் கொண்டு விலக்கிவிட முடியாது.

பேணலும் அதன் எல்லையும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1982இல் சாலைப் பணியின்போது தோண்டப்பட்ட விண்டோவர் குளம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஈமக்களம். குளத்தடிச் சேற்றின் காப்பினால் எலும்பு மட்டுமன்றி நெய்த துணியும் பல மண்டையோடுகளினுள் மூளைத்திசுவும் எஞ்சின. அங்கு அடக்கமானோருள் ஏறத்தாழ பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் திறந்த முதுகெலும்புப் பிளவுடன் வாழ்ந்தவன். அவனுடைய கால் எலும்புகள் மெலிந்தும் நோய்ப்பட்டும் இருந்தன. இடம்பெயர்ந்து வேட்டையாடி வாழ்ந்த மக்களிடையே நடக்க இயலாத ஒருவன் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தான் எனின் அவனைப் பிறர் பேணினர் என்பதில் ஐயமில்லை.

கேதரின் டெட்வைலர் 1991இல் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் கூர்மையான வினாவை வைத்தது. பேணல் நிகழ்ந்தது என்பதனால் பரிவு இருந்தது என்றாகுமா? உடற்குறையுடையோர் குழுவுக்கு ஏதும் ஈட்டாதவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? எல்லாக் குழுவிலும் குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் எனப் பலர் பிறரைச் சார்ந்தே வாழ்கின்றனர். நடக்க இயலாதவர் தோல் பதப்படுத்தலாம், கயிறு முறுக்கலாம், குழந்தைகளைக் காக்கலாம். உயிருடன் வைத்திருந்தனர் என்பதிலிருந்து அன்புடன் நடத்தினர் என்பதும் பெறப்படாது. வெறுப்புடன் உணவிட்டோரும் உணவிட்டோரே. எலும்பில் பதிவது உணவு. உணவிட்டவர் முகம் அதில் பதிவதில்லை. அவர் வாதம் சிலருக்குக் கடுமையாகத் தோன்றியதாயினும், அது தொல்நோயியலைத் தளர்த்தவில்லை, முறைப்படுத்தவே தூண்டிற்று.

அம்முறைக்கு எடுத்துக்காட்டு வியட்நாமின் மான் பாக். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வீமக்களத்தில் 2007இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் புதைகுழிக்குரியவர் இருபதுகளில் இறந்த ஆண். கழுத்து முள்ளெலும்புகளும் மேல்மார்பு முள்ளெலும்புகளும் இணைந்து இறுகியிருந்தன. 1912இல் பாரிசில் கிளிப்பெல், ஃபைல் என்னும் மருத்துவர்கள் விவரித்த பிறவிநிலை இது. முதலில் நடமாடி வளர்ந்த இவ்விளைஞர் பதின்பருவத்தில் செயலிழந்தார் என்பதைக் கைகால் எலும்புகளின் அளவும் மெலிவும் காட்டுகின்றன. அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

இவர் எலும்பை ஆராய்ந்த லோர்னா டில்லியும் மார்க் ஆக்சன்ஹாமும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பரிவு என்னும் சொல்லிலிருந்து தொடங்கவில்லை. முதலில் நோய்நிலை, அடுத்து அந்நிலையினர் ஒருவருக்கு அச்சூழலில் எவை இயலாதிருந்திருக்கும் என்பது, பின்னர் அவற்றை ஈடுசெய்யப் பிறர் நாள்தோறும் செய்ய வேண்டியிருந்தவை. உணவும் நீரும் கொடுத்தல், உடலைத் தூய்மை செய்தல், படுக்கைப் புண் வராமல் புரட்டிக் கிடத்துதல், வெப்பமும் குளிரும் தாக்காமல் காத்தல். அசையாது கிடப்பவரிடம் ஒருசில நாள் தவறினாலும் புண் தோன்றி நச்சேறும். பத்து ஆண்டுகள் அவ்வாறு நேரவில்லை எனில் பேணல் இடைவிடாது நடந்திருத்தல் வேண்டும். ஒருவரால் மட்டும் அது இயலாது. பலர் பங்கேற்றிருத்தல் வேண்டும். மனப்பாங்கைப் பற்றிய கூற்று இப்படிநிலைகளின் இறுதியில், அதற்குரிய தயக்கத்துடனேயே வருகிறது. டெட்வைலரின் வினாவுக்கு இது முழுவிடை அன்று. ஆயினும் 'பேணினர்' என்ற ஒற்றைச் சொல்லை இன்னின்ன செயல்கள் எனப் பிரித்துக் காட்டியது இதன் வலிமை.

ஒன்று மட்டும் விளக்கப்படாது நிற்கிறது. மான் பாக்கில் ஏனையோர் பெரும்பாலும் நீட்டிக் கிடத்தப்பட்டிருக்க, இவர் மட்டும் கருவிலுள்ள குழந்தையைப்போல் மடங்கிய நிலையில் புதைக்கப்பட்டார். உடல் அந்நிலையிலேயே இறுகியிருந்தமையாலா, அவரை வேறாகக் கருதியமையாலா என்பதற்கு எலும்பு விடை தருவதில்லை.

எலும்பும் சொல்லும்

இலக்கியம் படிப்போர்க்கு இப்புலம் நேரடியாகப் பயன்படுமிடம், உடல்நிலை குறித்த சொற்களைப் பொருள்கொள்ளும் முறையாகும். 1485இல் போரில் இறந்த இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டைச் சேக்சுபியரின் நாடகம் கூனனாகவும் சூம்பிய கையனாகவும் படைத்தது. 2012இல் லெஸ்டர் நகரில் அவன் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டபோது முதுகெலும்பு உண்மையிலேயே வளைந்திருந்தது. ஆனால் பின்புறமாகக் கூனவில்லை, வலப்பக்கமாக வளைந்திருந்தது. முள்ளெலும்புகள் பிறவியிலேயே உருச்சிதைந்தவை அல்ல. வளைவு பத்து வயதுக்குப்பின் வளர்பருவத்தில் தோன்றியது. வலத்தோள் சற்று உயர்ந்திருக்கும், ஏற்ற உடை அதனை மறைத்துவிடும், கை சூம்பியிருக்கவில்லை. தோள்கள் ஏறியிறங்கி இருந்தன என மன்னன் காலத்தவரான ஜான் ரவுஸ் எழுதிய குறிப்பை எலும்பு உறுதிப்படுத்திற்று. நாடகம் அதனைப் பெருக்கியிருந்தது.

தமிழில் 'கூன்' என்னும் சொல்லும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. புறநானூற்றின் 28ஆம் பாடல் மக்கட்பிறப்பின் எண்வகைக் குறைகளை எண்ணுமிடத்துக் கூனையும் குறளையும் சேர்க்கிறது. கலித்தொகையின் 94ஆம் பாடலில் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் ஒருவர் உடலை மற்றவர் எள்ளி உரையாடிப் பின் இணங்குகின்றனர். புறப்பாடலின் பட்டியல் குறையைப் பிறப்போடு சேர்த்துப் பேசுகிறது. எலும்பின் நோக்கில் கூனல் என்பதோ ஒரு நோயன்று. பல வழிகள் வந்து சேரும் ஒரு தோற்றம். அரை முள்ளெலும்பு, காசநோய், வளர்பருவ வளைவு, முதுமையில் எலும்பு நொறுங்குதல் ஆகிய எதுவும் அதனைத் தரலாம். ஆதலின் பழம்பாடல்களின் கூனுக்கு இக்கால நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்டுவது உரையாசிரியரின் வேலையும் அன்று, மருத்துவரின் வேலையும் அன்று. அப்பாடல்கள் உறுதியாகத் தருவது மனப்பாங்கு. எலும்பால் எட்ட இயலாத அதனையே இலக்கியம் வைத்திருக்கிறது. எள்ளலும் காதலும் ஒரே உரையாடலில் நிகழ்வதைக் காட்டுகிறது. எலும்பிலிருந்து பரிவை வலிந்து பெறுவோர்க்கும், பாடலிலிருந்து நோயை வலிந்து பெறுவோர்க்கும் நேரும் பிழை ஒன்றே.

தாழிகளும் சிற்றெலும்புகளும்

தமிழகத்தின் ஈமத்தாழிகளை இந்நோக்கில் அணுகுவதற்கு முதல் தடை கோட்பாடு அன்று, சேகரிப்பு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் இரியா அகழ்ந்தெடுத்த எலும்புகளுள் மண்டையோடுகளே தனி ஆய்வுப்பொருளாயின. சாலி சக்கர்மேன் 1930இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாகத் தந்த நூலின் பெயரே அதனைக் காட்டும்: 'ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள்'. அக்காலத்தின் வினா இனம் பற்றியது. அதற்கு மண்டையோட்டின் நீள அகலங்கள் போதுமெனக் கருதப்பட்டன. முதுகெலும்புக்கு அவ்வினாவில் இடமில்லை.

வினா மாறும்போது எடுக்க வேண்டிய எலும்பும் மாறுகிறது. கொந்தகைத் தாழிகளின் எலும்புகள் இன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன. எல் சிட்ரோனில் நிகழ்ந்ததுபோல் மரபணுவையும் பிறழ்வையும் ஒப்பிட வேண்டுமாயின், முதற் கழுத்து முள்ளெலும்பின் மெல்லிய வளைவு, திருவெலும்பின் பின்விளிம்பு, குழந்தைகளின் இன்னும் கூடாத முள்ளெலும்புத் துண்டுகள் ஆகியவை தாழி மண்ணைச் சலிக்கும்போதே பிரித்தெடுக்கப்பட வேண்டும். தாழியில் எலும்புகள் பெரும்பாலும் ஒழுங்கு குலைந்தே கிடக்கின்றன. சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் கலந்திருக்கும். எந்த முள்ளெலும்பு எவருடையது என்பதை உடனடியாகப் பதியாவிடில் பின்னர் மீட்க வழியில்லை. பிறழ்வு இல்லாத முள்ளெலும்பையும் 'இயல்பானது' எனக் கணக்கில் எழுத வேண்டும். எத்தனையை நோக்கியதில் எத்தனை பிறழ்ந்தன என்னும் விகிதம் இல்லாமல், கிடைத்த ஒரு கோணல் எலும்பு ஒரு வியப்பாக மட்டுமே அருங்காட்சியகத்தில் நிற்கும்.